எண்ணி வாங்கு, எண்ணிக் கொடு

பணத்தைப் பற்றிக் குழந்தைகளின் காதில் விழும்படி பேசலாகாது என்ற எண்ணம் நம்மவர்களிடையே வெகு காலமாய் வேரூன்றி நிற்கிறது. வீட்டில் பெரியவர்கள் வரவு செலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் சமயம் குழந்தை உள்ளே வந்துவிட்டால், பேச்சு மழையைப் பற்றியோ மாட்டைப் பற்றியோ திரும்பிவிடும். "உனக்கு எதற்கு இந்தக் காசுப் பேச்சு? போய்ப் படி!" என்று உபதேசமும் கிடைக்கும். குழந்தையும் போய்ப் படிக்கிறது. எதைப் படிக்கிறது தெரியுமா? ஒருவனிடம் 20 ரூபாய் இருந்ததாம். அதில் 13 ரூபாய்க்குப் பென்சில் வாங்கினானாம். மீதி எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டுமாம்! வீட்டில் பேசக் கூடாதென்று விலக்கிய விஷயத்தையே பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகம் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நாம் பிரஸ்தாபிக்கப் போவது மிகவும் சின்ன விஷயம். ஐந்து வயது முதல் ஒன்பது வயது வரையில் உள்ள குழந்தைகளுக்குக் காசு எண்ணச் சொல்லிக் கொடுப்பது எப்படி, அது எதற்காக என்பதுதான். பணம் சம்பாதிப்பது எப்படி, சம்பாதித்ததைப் பெருக்குவது எப்படி என்பவற்றை இங்கே தேட வேண்டாம். அந்த வித்தை நமக்குத் தெரிந்திருந்தால் இந்நேரம் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

நாம் வசிப்பது சேலம் ஜில்லாவில், கஞ்சமலைக்கு அண்மையில் உள்ள இளம்பிள்ளை. குழந்தைகளைப் பற்றி எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயருள்ள ஊர் தமிழ்நாட்டில் வேறு உண்டோ என்பது சந்தேகம். ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு இளம்பிள்ளை என்றதும் குழந்தை நினைவு வராது. சேலை நினைவுதான் வரும். கடைத்தெருவில் இரு பக்கமும் சேலைக் கடைகள். கைத்தறியின் தாளம் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் விசைத்தறியின் இரைச்சல் குடிகொண்டிருக்கிறது. இங்கே நெய்த சேலை மற்ற மாகாணங்களுக்கெல்லாம் மூட்டை மூட்டையாகப் போகிறது. இப்போது கடைக்காரர்கள் சேலையைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பி, வாங்குகிறவர் முகத்தைப் பாராமலே வியாபாரத்தை முடித்துவிடுகிறார்கள்.

நெசவு என்பதே கணக்குத்தான். பாவில் எத்தனை இழை, கரைக்கு எத்தனை இழை, முந்தானைக்கு எத்தனை அட்டை என்று எண்ணிக் கட்டாவிட்டால் ஒரு பூக்கூடச் சரியாய் விழாது. ஆயிரக் கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்துபோன ஒன்று எது என்று கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிற கண் நெசவாளியின் கண். ஆனால் அதே நெசவாளி வாரக் கடைசியில் கூலி வாங்கும்போது என்ன செய்கிறார்? கொடுத்த நோட்டுகளை அப்படியே இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார். இழையை எண்ணுகிறவர் ரூபாயை எண்ணுவதில்லை.

எல்லோரும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் நம் தெருவிலேயே பல பேர் இப்படித்தான். நம் பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒரு நாள் இதைக் கேட்டோம். அவர் கொஞ்சம் திகைத்துப் போனார். "கொடுக்கறவங்க முன்னாலயே எண்ணிப் பார்த்தா, அவங்களை நம்பலைன்னு ஆயிடுமுங்களே! அது மரியாதை இல்லைங்க" என்றார்.

இந்தப் பதிலை நாம் வெகு நாள் யோசித்துப் பார்த்தோம். இதில் ஒரு பண்பாடு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. பெரியவர்கள் கையால் கொடுத்ததை நிறுத்துப் பார்ப்பதும் எண்ணிப் பார்ப்பதும் அழகல்ல என்று நம் முன்னோர் கருதினார்கள். கல்யாண வீட்டில் மொய்க் கவரை அங்கேயே பிரித்துப் பார்க்கிறவரை யாருக்கும் பிடிக்காது. ஆனால் மொய் வேறு, கூலி வேறு. மொய் அன்பின் அடையாளம். கூலி உழைப்பின் விலை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்ற பழமொழியைச் சொன்னவர்களும் நம் முன்னோர்கள்தானே? காசை எண்ணுவது அவமரியாதை என்ற எண்ணத்தைப் பெரியவர்களிடமிருந்து இப்போது போக்குவது சுலபமல்ல. குழந்தைகளிடம் அது குடியேறாமல் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? காசு எண்ணக் கற்பிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியதற்கு இதுதான் முதற் காரணம்.

இரண்டாவது காரணம் மிட்டாய். அந்த அம்மாளின் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. ஒரு நாள் மாலை 20 ரூபாய் நோட்டோடு கடைக்குப் போய், 18 ரூபாய்ச் சாமானை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். "மீதி எங்கே கண்ணு?" என்று அவளுடைய அப்பாயி கேட்டாள். குழந்தை கையை விரித்துக் காட்டியது. உள்ளங்கையில் இரண்டு மிட்டாய்கள்! கடைக்காரரிடம் சில்லறை இல்லையாம். "இதுதான் மீதி" என்று சொல்லிவிட்டு, மீதியில் ஒன்றை வாயிலும் போட்டுக்கொண்டாள். அந்தக் குழந்தையின் அகராதியில் மீதி என்ற சொல்லுக்கு மிட்டாய் என்று அர்த்தம் ஏற்பட்டுவிட்டதென்பதை நாம் உணர்ந்தோம். மறு நாள் முதல் நம் வீட்டுத் திண்ணையில் ஒரு சிறு பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. அந்தப் பெண்ணும், தெருவில் இன்னும் மூன்று குழந்தைகளும் மாணாக்கர்கள். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் ஐம்பது ரூபாய்க்குச் சில்லறை, அதுதான் பாடபுஸ்தகம்.

முதல் நாளே ஒரு பெரிய உண்மை வெளியாயிற்று. ஆறு வயதுப் பையன் ஒருவன் பத்து ஒரு ரூபாய் நாணயங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். "இந்தப் பத்து ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு அவற்றைக் கொடுக்கிறாயா, தம்பி?" என்றோம். அவன் நம்மை ஏற இறங்கப் பார்த்தான். "எங்கிட்டப் பத்து இருக்குது. உங்ககிட்ட ஒண்ணுதானே இருக்குது!" என்று சொல்லி நாணயங்களைக் கையால் அணைத்து மூடிக்கொண்டான். அவன் சொன்னதில் தவறு என்ன? அவனுக்கு எண்ணத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நூறு வரை சொல்லுவான். மாம்பழத்தை எண்ணினால் பத்து பழம் ஒரு பழத்தை விட அதிகம். காசு மட்டும் அப்படியல்ல. ஒரே ஒரு துண்டுக் காகிதம் பத்து உலோகத் துண்டுகளுக்குச் சமம் என்பது உலகத்தார் கூடிச் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை. அந்த உடன்படிக்கை குழந்தைக்குப் பிறவியிலேயே தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகையால் காசு எண்ணுவதில் முதற் பாடம் கூட்டல் அல்ல; மாற்று. ஐந்து ஒரு ரூபாயைக் கொடுத்து ஓர் ஐந்து ரூபாயை வாங்குவது, இரண்டு ஐந்தைக் கொடுத்து ஒரு பத்தை வாங்குவது, மறுபடி அந்தப் பத்தை உடைத்துச் சில்லறையாக்குவது. இந்த விளையாட்டை ஒரு வாரம் விளையாடிய பிறகு அந்தப் பையன் தானாகவே நோட்டைக் கேட்டு வாங்க ஆரம்பித்தான். "பையிலே போட்டா சத்தம் கேக்காது, அக்காவுக்குத் தெரியாது" என்பது அவன் கண்ட சௌகரியம்.

இரண்டாவது இடைஞ்சல் நாணயங்களின் உருவம். பெரியது என்றால் மதிப்பு அதிகம் என்று குழந்தை நினைக்கிறது. நம்முடைய நாணயச் சாலைகளோ குழந்தைகளைக் கலந்தாலோசிப்பதில்லை. 2011-ஆம் வருஷம் வெளிவந்த வரிசையில் இரண்டு ரூபாய் நாணயம் ஐந்து ரூபாய் நாணயத்தை விட அகலமானது! கண் பார்வை இல்லாதவர்களும் தடவிப் பார்த்து அறிய வேண்டுமென்ற நோக்கத்தோடு 2019-இல் வெளியிட்ட புது வரிசையில்தான் மதிப்பு ஏற ஏற உருவமும் எடையும் ஏறும்படி செய்தார்கள். அதில் 20 ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கங்கள். ஆனால் பழைய நாணயங்களும் புது நாணயங்களும் ஒரே பையில் கலந்துதான் இருக்கின்றன. ஆகையால் உருவத்தை நம்பாமல் மேலே பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கும் வழக்கத்தைக் குழந்தைக்கு முதலிலேயே உண்டாக்க வேண்டும்.

பத்து ரூபாய் நாணயத்தின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அது செல்லாது என்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஒரு வதந்தி பரவி, கடைக்காரர்களும் பஸ் கண்டக்டர்களும் அதை வாங்க மறுத்த காலம் உண்டு. 2018-ஆம் வருஷம் ஜனவரியில் ரிசர்வ் பாங்கு, அதுவரை வெளியான பதினான்கு விதமான பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று அறிக்கை விட்டது. திண்ணையில் அந்த நாணயத்தை எடுத்து வைத்ததும் நான்கு குழந்தைகளும் ஒரே குரலில் "இது செல்லாது!" என்றார்கள். பணத்தின் மதிப்பைக் கற்றுக்கொள்வதற்கு முன்னரே வதந்தியைக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

நம் தாத்தா பாட்டிமார்கள் இந்த விஷயத்தில் பாக்கியசாலிகளா, துர்ப்பாக்கியசாலிகளா என்று சொல்வது கடினம். அவர்கள் காலத்து ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி. ஆக ரூபாய்க்கு 192 தம்படி. கேட்டாலே தலை சுற்றுகிறது. ஆனால் அந்தப் பையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ரூபாயில் பாதி எட்டணா. அதில் பாதி நாலணா. அதில் பாதி இரண்டணா. பிறகு ஓரணா, அரையணா, காலணா. ஒவ்வொன்றும் முந்தியதில் சரிபாதி. அரை, கால், அரைக்கால், வீசம் என்ற பின்னக் கணக்கு முழுவதும் பாட்டியின் சுருக்குப் பையிலேயே முடிந்து கிடந்தது! யுத்த காலத்தில், 1943 முதல் அடித்த காலணாவுக்கு நடுவில் ஓட்டையும் இருந்தது. அதைக் கயிற்றில் கோத்து வைத்து எண்ணிய குழந்தைகள் அந்நாளில் எத்தனையோ பேர்.

அதற்கும் முந்திய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த சுவடிகளின் பெயர்களைக் கேளுங்கள்: பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. எண்ணும் பொன்னும் நெல்லும் ஒன்றோடொன்று பிணைந்தே அவர்கள் வாயில் வந்தன. 320-இல் ஒரு பங்காகிய முந்திரி முதற்கொண்டு அவர்கள் கணக்குச் சொன்னார்கள். இந்தத் திண்ணைப் பள்ளிக் கணிதத்தைப் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்த செந்தில் பாபு 2022-இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டிருக்கிறார். அந்தப் பள்ளிக்கூடங்களில் பிரம்படியும் இருந்தது. எல்லா ஜாதிப் பிள்ளைகளுக்கும் இடமும் இருக்கவில்லை. ஆகவே அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நாம் பெருமூச்சு விடவில்லை. சந்தையில் நடக்கும் கணக்குக்கும் பள்ளியில் நடக்கும் கணக்குக்கும் நடுவே அவர்கள் சுவர் எழுப்பவில்லை என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுகிறோம்.

1957-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆயிற்று. 1964-இல் 'நயா' என்ற அடைமொழி உதிர்ந்தது. 2011-ஆம் வருஷம் ஜூன் மாதத்தோடு நாலணா என்று நாம் செல்லமாய் அழைத்துக்கொண்டிருந்த 25 பைசாவும், அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாதவையாயின. 50 பைசா சட்டப்படி செல்லும், கடையில்தான் செல்லாது. கணக்கு சுலபமாயிற்று, சந்தேகமில்லை. பத்துப் பத்தாக எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் சுலபமான கணக்கையும் செய்து பார்க்கச் சந்தர்ப்பம் வேண்டும் அல்லவா? அதுதான் இப்போது அருகி வருகிறது.

2016-ஆம் வருஷம் யு.பி.ஐ. என்ற ஏற்பாடு வந்தது. இன்று இளம்பிள்ளையில் கீரைக் கட்டு விற்கும் கிழவியின் கூடையிலும் கறுப்பும் வெளுப்புமாகக் கட்டம் போட்ட கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. செல்போனைக் காட்டினால், "இருபது ரூபாய் வரப்பெற்றது" என்று ஒரு பெட்டி கத்துகிறது. சில்லறைச் சண்டை இல்லை, கிழிந்த நோட்டு இல்லை, மிட்டாயும் இல்லை. நமக்கு இதில் குறை ஒன்றும் கிடையாது. நாமும் அப்படித்தான் காய்கறி வாங்குகிறோம். ஆனால் இடுப்பளவு உயரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு என்ன தெரிகிறது? கொடுத்ததும் தெரியவில்லை, மீதி வாங்கியதும் தெரியவில்லை. திண்ணைப் பிள்ளைகளில் ஒருத்தியிடம், "காசு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டோம். "போனிலேருந்து" என்றாள். "போனுக்கு எங்கிருந்து வருகிறது?" என்றோம். சற்று யோசித்து, "சார்ஜ் போட்டா வரும்" என்றாள்! அவளுடைய தகப்பனார் அந்தச் சமயம் தறியின் முன்னால் பத்தாவது மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்.

திண்ணையில் நாம் கண்ட சிறந்த பாடம் மீதி கொடுக்கும் பாடம்தான். பள்ளிக்கூடத்தில் மீதி என்றால் கழித்தல். இருபதிலிருந்து பதின்மூன்றைக் கழிக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து மூன்று போகாது. பக்கத்தில் கடன் வாங்க வேண்டும். கடன் வாங்கத் தெரியாத குழந்தை அழுகிறது. அநுபவமுள்ள கடைக்காரரோ கழிப்பதே இல்லை, கூட்டிக்கொண்டு போகிறார். 13 ரூபாய்ச் சாமானை எடுத்து வைத்து, "பதிமூணு" என்கிறார். ஒரு ரூபாயை வைத்து, "பதினாலு". இன்னொன்றை வைத்து, "பதினஞ்சு". ஓர் ஐந்து ரூபாயை வைத்து, "இருபது" என்று முடிக்கிறார். மீதி எவ்வளவு என்று அவர் சொல்லவே இல்லை; ஆனால் அது கண்ணெதிரே கிடக்கிறது. இந்த முறையில் பொருளும் காசும் சேர்ந்து கொடுத்த நோட்டுக்குச் சமமாகின்றன என்பதைக் குழந்தை கையாலேயே தெரிந்துகொள்கிறது. புளியங்கொட்டையும் சோப்புக் கட்டியும் சாமான்களாக, நம் திண்ணைக் கடையில் நான்கு பேரும் முறை வைத்து முதலாளியானார்கள். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தோம்: கொடுப்பவரும் உரக்க எண்ணிக் கொடுக்க வேண்டும், வாங்குபவரும் உரக்க எண்ணி வாங்க வேண்டும். எண்ணாமல் பையில் போட்டால் ஆட்டத்திலிருந்து வெளியே.

இதன் பலன் நாம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. சத்தம் கேட்காத நோட்டை விரும்பிய அந்தப் பையன், சில மாதம் கழித்து நிஜக் கடைக்குப் போய்த் திரும்பும் வழியில், நடுத் தெருவில் நின்று மீதியை எண்ணினான். பத்து ரூபாய் கூட இருந்தது. திரும்பிப் போய், "அண்ணா, பத்து ரூபா சேத்துக் குடுத்துட்டீங்க" என்று நீட்டினானாம். கடைக்காரர் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் நேர்மையுள்ளவன் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். நாமும் புகழ்ந்தோம். ஆனால் நமக்குத் தோன்றியது வேறு. எண்ணத் தெரியாத பிள்ளை நேர்மையாக இருக்க விரும்பினாலும் எப்படி இருப்பான்? தன்னிடம் வந்தது அதிகமா, குறைவா என்று அறியாதவனுக்கு ஏமாறாமல் இருக்கவும் வழியில்லை. ஏமாற்றாமல் இருக்கவும் வழியில்லை.

சந்தையில் திரியும் குழந்தைகள் இந்த வித்தையில் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதை அறிஞர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரேஸில் தேசத்தில் ரெசிபே நகரத்துத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரைச் சோதித்து 1985-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. வியாபாரத்தின் நடுவே கேட்டபோது அவர்கள் நூற்றுக்கு 98 பங்கு சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளை வெறும் எண்களாகக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37 பங்குதான் சரியாக வந்தது! நம் நாட்டில் கல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,436 குழந்தைகளைச் சோதித்த முடிவுகள் 2025-இல் வெளியாகியிருக்கின்றன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் செய்த ஆராய்ச்சி அது. அங்கும் அதே கதை: கடைக் கணக்கில் புலிகள், பள்ளிக் கணக்கில் தடுமாற்றம். அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும் 471 குழந்தைகளையும் சோதித்தார்கள். அவர்கள் எளிய எண் கணக்கை நன்றாகப் போட்டார்கள். ஆனால் சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் சரியாகச் சொன்ன ஒரு கடைக் கணக்கை இவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் சொன்னார்!

இதைப் படித்துவிட்டுக் குழந்தைகளைச் சந்தைக்கு வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் தார் சுற்றிக்கொண்டிருந்த காலத்தை இந்தப் பிரதேசம் அறியும். அது போனதே பெரிய காரியம். சொல்ல வருவது என்னவென்றால், கடையும் பள்ளியும் இரண்டு தீவுகளாக இருக்கின்றன; நடுவே பாலம் போட வேண்டும் என்பதுதான். 1937-ஆம் வருஷம் அக்டோபரில் வார்தாவில் காந்தி மகானின் தலைமையில் கூடிய கல்வி மகாநாடும், அதன் பின் டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையில் அமைந்த கமிட்டியும் இந்தப் பாலத்தைத்தான் நினைத்தன. கைத்தொழிலை நடுவில் வைத்து, நூற்ற நூலையும் செலவான பஞ்சையும் கொண்டே கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்றார்கள். அந்தத் திட்டம் நாட்டில் முழுவதும் வேரூன்றவில்லை. இருந்தாலும், குழந்தையின் கையில் இருப்பதிலிருந்து கணக்கைத் தொடங்கு என்ற அதன் உட்கருத்து இன்னும் பழசாகவில்லை. பள்ளி ஆசிரியர்கள் வகுப்பிலேயே கடை வைத்து விளையாட விடுவதைப் பார்க்கும்போது நமக்கு ஆனந்தமாயிருக்கிறது. ஆனால் அட்டையில் அச்சடித்த விளையாட்டு நோட்டைத் தொலைத்தால் யாருக்கும் வலிக்காது. நிஜக் காசைத் தொட்டு எண்ணும் பாடம் வீட்டில்தான் நடக்க முடியும்.

மிட்டாயை மீதி என்று சொன்ன பெண்ணுக்கு இப்போது ஒன்பது வயதாகிறது; நான்காம் வகுப்பு. சென்ற வருஷம் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லுகிறோம். அவளுடைய தகப்பனார் வழக்கம் போல் வாரக் கூலியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அவள் அதை எடுத்துத் தரையில் பரப்பி எண்ணினாள். ஐந்து 500 ரூபாய் நோட்டு, ஒரு 100 ரூபாய் நோட்டு, ஆக 2,600. பிறகு கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த வாரம் பன்னிரண்டு சேலை. சேலைக்குக் கூலி 300 ரூபாய். "பத்து சேலைக்கு மூவாயிரம், ரெண்டு சேலைக்கு அறுநூறு" என்று விரல் விட்டுச் சொன்னாள். முன்பணத்துக்குப் பிடித்தம் 500 போக, 3,100 வர வேண்டும். "அப்பா, ஒரு நோட்டுக் குறையுது" என்றாள்.

வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "போய்க் கேட்டா என்ன நினைப்பாங்களோ" என்று தாயார் தயங்கினார். தகப்பனார் அன்றிரவு போகவில்லை. மறு நாள் காலையில் போனார். முதலாளி தம் குறிப்பைப் பார்த்தார். பிடித்தத்தை இரண்டு முறை கழித்திருந்தது தெரிந்தது. உடனே 500 ரூபாயை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் சொன்ன வார்த்தை: "வாங்கும்போதே எண்ணிச் சொல்லியிருந்தா நேத்தே சரிபண்ணியிருப்பேனே! இதிலே என்னப்பா கூச்சம்?"

எல்லா இடத்திலும் இப்படியே நடக்குமென்று நாம் நம்பவில்லை. விசைத்தறிப் பிரதேசங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு, அது தீரும் வரையில் அதே முதலாளியின் தறியை விட்டு நகர முடியாமல் இருப்பவர்கள் உண்டு. எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது என்று தெரியாதவரையில் அது தீர்வதும் இல்லை. 1976-ஆம் வருஷத்துச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்துவிட்டது. ஆனால் சட்டம் வந்து ஒவ்வொருவருடைய கணக்கு நோட்டையும் படித்துச் சொல்லாது. அதைப் படிப்பதற்கு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் ஒன்பது வயதுப் பெண்ணாக இருக்க நேர்ந்தது நமக்குப் பெருமை மட்டும் அல்ல, சற்று வருத்தமும் கூடத்தான்.

அன்று முதல் அந்த வீட்டில் ஒரு மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. தகப்பனார் கூலியை முதலாளியின் எதிரிலேயே எண்ணி வாங்குகிறார். ஆரம்பத்தில் கை நடுங்கியதாம். இப்போது முதலாளியும் தம் பங்குக்கு உரக்க எண்ணித்தான் கொடுக்கிறாராம். இருவருக்கும் இடையே இருந்த மரியாதை இதனால் ஒரு குன்றிமணி அளவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

வாசகர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். செல்போனிலேயே எல்லாச் செலவையும் நடத்துங்கள், தடையில்லை. ஆனால் வீட்டில் ஒரு டப்பாவில் ஐம்பது ரூபாய்க்குச் சில்லறை வைத்திருங்கள். வாய்க்குள் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் மாலை அதைத் தரையில் கொட்டுங்கள். மாற்றட்டும், அடுக்கட்டும், கடை வைக்கட்டும். பிறகு நிஜக் கடைக்கு நிஜ நோட்டோடு அனுப்புங்கள், பின்னால் நின்று பாருங்கள், நடுவில் பேசாதீர்கள். மீதியை உரக்க எண்ணி வாங்கட்டும். பத்து வயது நிரம்பிய குழந்தை பாங்கியில் தன் பெயரில் சேமிப்புக் கணக்கு வைத்துத் தானே நடத்தலாம் என்று ரிசர்வ் பாங்கு 2014-இலேயே இடம் கொடுத்திருக்கிறது. பாங்கிக்குப் போவதற்கு முன் திண்ணையில் எண்ணிப் பழகட்டும்.

கடைக்காரர் சில்லறை இல்லையென்று மிட்டாய் கொடுத்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இதற்கு அந்தப் பெண்ணே வழி கண்டுபிடித்திருக்கிறாள். மிட்டாய்களைத் தின்னாமல் ஒரு காகிதத்தில் மடித்துச் சேர்த்துக்கொண்டு வந்தாள். பத்து சேர்ந்ததும் அதே கடைக்குப் போய், பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டாள். கடைக்காரர் காசுக்குக் கையை நீட்டினார். அவள் பத்து மிட்டாய்களையும் ஒவ்வொன்றாக, உரக்க எண்ணி அவர் கையில் வைத்தாள். அதிலிருந்து அந்தக் கடையில் சில்லறைப் பஞ்சம் நீங்கிவிட்டதாகக் கேள்வி.